கெல்லர்ஸ்வில்லுக்கு ஒரு கழுதை

பெல்ட்டைப் போட்டுக்கோ தாயி. இங்க போலீஸ்காரன் சோளக்காட்டுக்குள்ள வண்டிய மறைச்சுக்கிட்டு நிப்பான். இந்தியன் கடைக்குப் போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள நம்ம கெல்லர்ஸ்வில்லப் பத்தி உனக்கு முழுசாச் சொல்லிருதேன். உன் மாப்பிள்ளை ஆஸ்பத்திரி வேலையில சேந்து ஒரு மாசம்கூட ஆகல. எலக்‌ஷன் நேரம் வேற. யாருகிட்ட என்ன பேசணும்னு தெரியாம எதையாவது பேசி வச்சிராத.

மழையப் பத்திப் பேசு. சோள விலையப் பத்திப் பேசு. முட்டு வலியப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் பேசு, அவுகளும் பேசுவாக. யாருக்கு ஓட்டுப் போடப் போறீகன்னு மட்டும் கேட்டுராத. நம்ம கோவில்பட்டியில டீக்கடையில போயி நின்னாப் போதும், கேக்காமலே சொல்லுவான், அவன் மாமன் யாருக்குப் போட்டான்னும் சேத்துச் சொல்லுவான். இங்க கேட்டா முகம் சுருங்கிரும். அதுக்கப்புறம் சிரிப்பாக, ஆனா பேச மாட்டாக.

கேக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு சொல்லல. இருபது வருஷமா இந்த ஊர்ல குப்பை கொட்டுதேன். எந்த வீட்டு ஓட்டு எங்க போகுதுன்னு வாசல்ல நிக்கிற வண்டியப் பாத்தே சொல்லிருவேன். இந்தா, இந்த வெள்ளை வீடு, யானை. அந்தப் பச்சைக் கூரை, யானை. அந்தப் பன்னிப் பண்ணை, யானைக்கும் மேல ஏதாவது இருந்தா அதுக்குப் போடுவாக. ஆமா, இங்கயும் சின்னம் உண்டு. ஒரு கட்சிக்கு யானை, ஒரு கட்சிக்குக் கழுதை. கழுதையப் போயி யாராவது சின்னமா வைப்பாகளா சொல்லு. நம்ம ஊர்ல ஒரு சுயேச்சைக்குக் குடுத்தாக்கூட வேண்டாம்னு சண்டை பிடிச்சிருப்பான். கெல்லர்ஸ்வில்ல எப்பவும் யானைதான். அதுல ரகசியம் ஒண்ணும் இல்ல.

நான் மொத மொத ஓட்டுப் போட்ட கூத்தைக் கேளு. சீட்டுல படமே இல்ல, வெறும் பேருதான். நான் யானையத் தேடி முன்னும் பின்னும் திருப்பிப் பாக்கேன். போட்டு முடிச்சிட்டு மை வைக்கட்டும்னு விரலை நீட்டிக்கிட்டு நிக்கேன். மேசையில இருந்த டார்லீன் மைனி என்ன ஏதுன்னு புரியாம அந்த விரலைப் பிடிச்சுக் குலுக்கிட்டு, நான் ஓட்டுப் போட்டாச்சுன்னு எழுதுன ஒரு ஸ்டிக்கரைச் சட்டையில ஒட்டி அனுப்புனா.

டார்லீன்தான் எங்க பக்கத்து வீட்டுக்காரி. அவ புருஷன் ராய். ரொம்ப சாது, அதனால ராய் அண்ணாச்சின்னு கூப்பிடுவேன். அவரு அண்ணாச்சின்னா அவ மைனிதானே. மொதல்ல அவளுக்கு ஒண்ணும் விளங்கல, இப்ப மைனின்னு கூப்பிட்டாத்தான் திரும்பவே செய்யுதா. எனக்குக் குடியுரிமை கிடைச்ச அன்னைக்கு ஓட்டு ஃபாரம் கொண்டாந்ததும் அவதான். கட்சின்னு ஒரு கட்டம் இருந்துச்சு. நீ என்னது மைனின்னு கேட்டேன். யானைன்னா. அப்ப எனக்கும் அதையே போடுன்னுட்டேன். பக்கத்து வீட்டுக்காரி சேருற ஏலச்சீட்டுல நாமளும் சேருறதில்லையா, அந்த மாதிரி. எங்க வீட்ல இவுக மட்டும் அந்தக் கட்டத்தை வெறுமன விட்டுட்டாக. அவுகளுக்கு ஃபாரம்னாலே மறதி.

சரி, கதைக்கு வாரேன். போன பெரிய எலக்‌ஷனுக்கு நடந்தது.

இங்க ஒரு சட்டம் இருக்கு தாயி. ஓட்டுச் சாவடி மேசையில ரெண்டு கட்சி ஆளும் உக்காரணும். ஒரு கட்சி ஆளுகளே உக்காந்தா செல்லாது. நம்ம ஊருக்கு லூத்தரன் சர்ச்சோட கீழ்த்தளம்தான் சாவடி. யானைக்கு டார்லீன் மைனி. அவளுக்கு முன்னாடி அவ அம்மா உக்காந்த நாற்காலி அது. கழுதைக்கு வர்ஜில்னு ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மேன். ஊருக்குள்ள நான் கழுதைதான்னு சத்தமாச் சொல்லுத ஒரே ஆளு. அந்த மனுஷன் அந்த வருஷம் வசந்தத்துல செத்துப் போயிட்டாரு. ஊரே அழுதுச்சு. அழுது முடிச்சப்புறந்தான் மைனிக்கு உறைச்சுது, ஐயையோ, கழுதைக்கு எங்க போவோம்னு.

கவுண்டி ஆபீஸ்லருந்து, நம்ம தாலுகா ஆபீஸ் மாதிரின்னு வச்சுக்கோ, போன் வந்துச்சு. ஆளு கிடைக்கலேன்னா உங்க சாவடிய மூடிட்டு அடுத்த ஊரோட சேத்திருவோம்னு சொல்லிட்டாக. மைனி போனை வச்சிட்டு எங்க அடுப்படிக்கு வந்து உக்காந்தா. பள்ளிக்கூடம் போச்சு, பேங்க் போச்சு, மளிகைக் கடை போச்சு, இந்த ஊர் ஆளுக எல்லாரும் ஒரே நாள்ல ஒரே இடத்துக்கு வாரது எலக்‌ஷனுக்கு மட்டும்தான் செண்பகா, இதையும் எடுத்துட்டா இனிமே சாவுக்குத்தான் எல்லாரும் ஒண்ணாப் பாத்துக்கிடணும்னு சொல்லிட்டு அழுதா. அவ அழுது நான் பாத்ததே இல்ல. மாட்டுக் கொட்டகை தீப்பிடிச்ச அன்னைக்குக்கூட காப்பி போட்டுக்கிட்டு இருந்தவ.

எனக்கு மனசு கேக்கல. இதுக்கா அழுத, நான் கழுதையா மாறிருதேன், ஃபாரத்தைக் கொண்டான்னேன். நம்ம ஊர்ல சுயேச்சைக்கு பூத் ஏஜென்ட்டா உக்காருறது யாரு? எல்லாம் பெரிய கட்சி ஆளுதான். மாமனோ மச்சினனோ, வேட்டிக் கரைய மாத்திக்கிட்டு உக்காந்துட்டு, பிரியாணி தின்னுட்டு எந்திரிச்சு வந்திருவான். அதைச் சொன்னேன். மைனி கண்ணைத் துடைச்சிட்டு என்னைப் பாத்தா பாரு ஒரு பார்வை. நான் என்னமோ பேங்க்ல கொள்ளையடிக்கக் கூப்பிட்ட மாதிரி. செண்பகா, பொய்க் கழுதை எனக்கு வேண்டாம், நிஜமான கழுதை வேணும், இல்லேன்னா சாவடிய மூடட்டும்னுட்டா. அவளுக்குக் கழுதைக் கட்சியக் கண்டாலே ஆகாது. ஆனா அதுல கலப்படம் இருக்கக் கூடாதாம். இதுக்கு என்ன சொல்லுவ?

நிஜக் கழுதை ஊர்ல இல்லாம இல்ல. அதுதான் வேடிக்கை. ஒவ்வொரு எலக்‌ஷனுக்கும் எண்ணி முடிச்சதும் மெஷின்ல ஒரு நீளமான சீட்டு வரும், அதை சர்ச் கதவுல ஒட்டிருவாக. ஒவ்வொரு தடவையும் கழுதைக்கு நாப்பது சொச்சம் ஓட்டு இருக்கும். நாப்பது பேரு போடுதாக. ஊர்ல கேட்டா ஒருத்தரும் இல்ல. எல்லாமே வர்ஜிலே போட்ட மாதிரி.

அந்த நாப்பது யாருன்னு எனக்குத் தெரியும் மைனி, வா என் கூடன்னு நான்தான் கிளப்புனேன். எனக்குக் கணக்கு உண்டு. சைக்கிள்ல போறவுக கழுதை. பெரிய தோடு போட்ட பொம்பளைக கழுதை. முடிய வளத்துக் குடுமி போட்ட ஆம்பளைக கழுதை. அதனால மொதல்ல லைப்ரரிக்காரி ஜோன் வீட்டுக்குப் போனோம். சைக்கிளும் உண்டு, தோடும் உண்டு, அது போதாதா? மைனி தொண்டையக் கனைச்சுக்கிட்டு, ஜோன், தப்பா நினைக்காத, நீ அந்தக் கட்சியான்னு கேட்டா. ஜோன் எங்க ரெண்டு பேரையும் பாத்தா. உள்ள போனா. எங்க தாத்தா இந்த ஊர்ல யானைக் கட்சிய ஆரம்பிச்சவருன்னு ஒரு போட்டோவக் கொண்டாந்து காமிச்சா. முக்கா மணி நேரம் காமிச்சா.

அடுத்தது டுவைட்டு. அவனும் ஒரு பன்னிப் பண்ணைக்காரன்தான், ஆனா குடுமி இடுப்பு வரைக்கும் தொங்கும். அவன்கிட்ட நானே கேட்டேன். நான் ஓட்டே போடுறதில்ல, எல்லாரும் திருட்டுப் பயலுகன்னு சொல்லிட்டு ஆளுக்கு ரெண்டு கிலோ பன்னிக்கறி கட்டிக் குடுத்தான். எங்க வீட்ல யாரு அதைத் திங்கா? அந்த வாரம் முழுக்க வீடு வீடாப் போயிட்டு வந்தோம். கறி கிடைச்சுது, பூசணிக்காய் கிடைச்சுது, ஜாம் கிடைச்சுது. கழுதை மட்டும் கிடைக்கல.

எங்க வீட்ல இவுககிட்டச் சொல்லி அலுத்துக்கிட்டேன். பேப்பர்லருந்து கண்ண எடுக்காம, விடேன், அவுகவுக மனசுல என்ன இருக்குன்னு நமக்கு எதுக்குன்னாக. இவுக எப்பவும் அப்படித்தான், எதுலயும் பட்டுக்கிட மாட்டாக. நீ எங்க வீட்டுத் தோட்டத்தப் பாத்தேல்ல? தக்காளிச் செடிக்கு முட்டுக் குடுத்திருக்க கம்பி எல்லாம், ஓட்டுக் கேட்டு வாசல்ல நட்டு வைப்பாகள்ல, அந்தக் கழுதைக் கட்சி போர்டோட கம்பி. வருஷா வருஷம் இவுக எங்கயோ போயி வாங்கிட்டு வருவாக. நல்ல கம்பி, தூரப் போடவா முடியும்னு சொல்லுவாக. சிக்கனம்.

கடைசி ஞாயித்துக்கிழமை வந்திருச்சு. திங்கக்கிழமை கவுண்டிக்குப் பேரு குடுக்கணும். சர்ச்ல ஜெபம் முடிஞ்சு எல்லாரும் கீழ காப்பி குடிக்க எறங்குனாக. நாங்களும் போவோம், சாமி வேறன்னாலும் காப்பி ஒண்ணுதானே. மைனி நாற்காலியப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சா. உங்கள்ல நாப்பது பேரு இருக்கீக, எனக்குத் தெரியும், உங்க ஓட்டு எனக்குப் பிடிக்காது, ஆனா நீங்க எனக்கு வேணும், ஒருத்தராவது கையத் தூக்குங்க, யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம்னா.

ஒருத்தரும் அசையல தாயி. எல்லாரும் காப்பிக் கோப்பையவே பாத்துக்கிட்டு இருக்காக. ஜோன் மட்டும் அங்கயும் இங்கயும் பாக்கா, யாரு மாட்டுவாகன்னு. அப்ப ராய் அண்ணாச்சி, கையில பாதி கடிச்ச கேக்கோட, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையத் தூக்குனாரு.

மைனி அவரைப் பாத்துட்டு, ராய், கொஞ்சம் பொறு, இப்பவே வீட்டுக்குப் போகணுமான்னா.

இல்ல டார்லீன், நான்தான்னாரு.

நான்தான்னா என்ன?

அந்த நாப்பதுல ஒருத்தன்.

மைனி நின்ன எடத்துலயே நிக்கா. கல்யாணம் ஆகி அவ்வளவு வருஷம். ஒவ்வொரு எலக்‌ஷனுக்கும் ஒரே வண்டியிலதான் வருவாக. அவருக்கு அன்னைக்குப் போட சட்டையத் தேச்சு வைக்கிறதே அவதான். அவ கையாலதான் சீட்டையே குடுப்பா. வாங்கிட்டுப் போயி நேரா கழுதைக்குப் போட்டிருக்காரு மனுஷன். ரெண்டு பேரும் வீட்லயே உக்காந்திருந்தாப் பெட்ரோலாவது மிஞ்சியிருக்கும்.

மைனி கோட்டை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டா. ஊரு மெல்ல அவரை விட்டு நகந்துச்சு, யாரும் திட்டல, இந்த ஊர்ல திட்ட மாட்டாக, சும்மா தள்ளி நிப்பாக. எங்க வீட்ல இவுகதான் ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு அவரு பக்கத்துல போயி உக்காந்தாக. ஆச்சரியமே படல. இவுகளுக்கு எதுலதான் ஆச்சரியம்? கூரை பறந்தாக்கூட அப்படியாம்பாக. மறுநாள் கவுண்டி ஆபீசுக்கு அண்ணாச்சியக் கூட்டிட்டுப் போயி, மைனி கையால யானைன்னு எழுதியிருந்த ஃபாரத்தக் கழுதைன்னு மாத்திட்டு வந்ததும் இவுகதான். இளகின மனசு.

சாவடி தப்பிச்சிருச்சு. குடும்பம்தான் மாட்டிக்கிச்சு.

அவரு மாட்டுக் கொட்டகையில படுக்க ஆரம்பிச்சாரு. மைனி விரட்டல, அவராப் போயிட்டாரு. நான் எலுமிச்சம்பழச் சோறு கிண்டி எடுத்துட்டு மைனியப் பாக்கப் போனேன். ஒரு ஓட்டுக்கா இப்படின்னு கேட்டேன். அவ சோத்தைக் கிளறிக்கிட்டே, ஓட்டு போகட்டும் செண்பகா, எனக்குத் தெரியாம இன்னும் என்னென்ன வச்சிருக்கான்னுதான் ராத்திரி முழுக்க முழிச்சுக்கிட்டே படுத்திருக்கேன்னா. அவனுக்கு என்ன கேக் பிடிக்கும்னு நான் நினைச்சுக்கிட்டு இருக்கேனோ, அதுவாவது நிஜமா அவனுக்குப் பிடிக்குமான்னா. பாவமா இருந்துச்சு.

வெளிய வரும்போது அண்ணாச்சி டிராக்டரைத் துடைச்சுக்கிட்டு இருந்தாரு. ஏன் அண்ணாச்சி, இத்தனை வருஷம் வாய மூடிக்கிட்டு இருந்த மனுஷன் இப்ப எதுக்குத் திறந்தீகன்னேன். சாவடி போகப் போகுதுன்னு அவ கொட்டகையில வந்து அழுதா, நான் மேல வைக்கோல் அடுக்கிக்கிட்டு இருந்தேன், அவளுக்குத் தெரியாதுன்னாரு. அம்புட்டுதான். அதுக்கு மேல அந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை வாங்க முடியாது.

எலக்‌ஷன் அன்னைக்கு ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. தனித்தனி வண்டியில வந்தாக. கையத் தூக்கி உறுதிமொழி எடுத்தாக, நேர்மையா நடப்போம்னு. நான் ஸ்டிக்கர் குடுக்கிற வேலை. அண்ணாச்சி பேரைச் சரி பாப்பாரு, மைனி சீட்டைக் குடுப்பா. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பேச்சு கிடையாது. பேனா வேணும்னாக்கூட மைனி என்கிட்டக் கேட்டா. பேனா அவரு முன்னாடிதான் கிடக்கு.

மதியத்துக்கு மேல எட்னா பாட்டி வந்தா. கண்ணு சரியாத் தெரியாது, காதும் பாதிதான். இங்க என்ன சட்டம்னா, அந்த மாதிரி ஆளுக்கு உதவி வேணும்னா ஒருத்தர் மட்டும் போகக் கூடாது. ரெண்டு கட்சிக்கும் ஒவ்வொருத்தர், ரெண்டு பேரும் சேந்து கூடவே நிக்கணும். வேற வழியில்ல, மைனி ஒரு பக்கம், அண்ணாச்சி ஒரு பக்கம், கையத் தாங்கிக் கூட்டிட்டுப் போனாக. மைனி பேரை வாசிக்கா, அண்ணாச்சி பேனாவப் பிடிச்சுக் குடுக்காரு. பாட்டி ஊருக்கே கேக்கிற மாதிரி, டார்லீன், நீ என்ன சொல்லுத, யாருக்குப் போடட்டும்னு கேட்டா.

மைனி அந்தக் கட்சிக்காக உயிரையே விடுவா. வாசல்ல நாலு போர்டு வச்சிருக்கவ. அவ கட்சிக்கு ஒரு ஓட்டு கையில வந்து விழுது.

நாங்க சொல்லக் கூடாது எட்னான்னா. அதே நேரத்துல, அதே வார்த்தைய அண்ணாச்சியும் சொன்னாரு. ரெண்டு குரலும் ஒண்ணா வந்துச்சு. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாக. அண்ணாச்சி லேசாச் சிரிச்சாரு. மைனி சிரிக்கல. ஆனா மேசைக்குத் திரும்பி வந்ததும் தன் டப்பாவத் திறந்து ஒரு கேக்கை எடுத்து அவரு முன்னாடி வச்சா. உனக்கு இது பிடிக்குமா, பிடிக்காதா, உண்மையச் சொல்லுன்னா. அவரு ஒரு விள்ளல் எடுத்து வாயில போட்டாரு தாயி. எலுமிச்சை போட்டதுதான் பிடிக்கும், இது இல்லன்னாரு. சொல்லியிருக்கலாமேன்னா. அவ்வளவுதான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்து ரெண்டு பேருக்கு ஸ்டிக்கரைத் தலகீழா ஒட்டிட்டேன்.

பூத்தை மூடினதும் மெஷின்லருந்து அந்த நீளச் சீட்டு வந்துச்சு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாக, மேல அவ, கீழ அவரு. யானைதான் ஜெயிச்சுது, இந்த ஊர்ல அதுல என்ன. கழுதைக்கு அதே நாப்பது சொச்சம். மைனி கண்ணாடியக் கழட்டிட்டு, சரி ராய், மத்தவுக யாருன்னு கேட்டா. தெரியாது, ஒரே ஒருத்தரை மட்டும் தெரியும்னாரு. யாருன்னா. அது அவரு ஓட்டு டார்லீன், நான் சொல்லக் கூடாதுன்னாரு. அப்ப எங்க வீட்ல இவுக, நான் மத்தியானத்துக்குச் சோறு கொண்டாந்த அண்டாவத் தூக்கிட்டுப் போக வந்திருந்தாக. அண்ணாச்சி இவுகளைப் பாத்துச் சிரிக்காரு. இவுக அண்டாவைப் பாத்துச் சிரிக்காக. எதுக்குன்னு எனக்கு இன்னும் விளங்கல. ஆம்பளைக சேந்தா அப்படித்தான், ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் சிரிப்பாக.

மைனி அன்னைக்கு அவரு வண்டியிலயே வீட்டுக்குப் போயிட்டா. அவ வண்டி ரெண்டு நாளு சர்ச் வாசல்லயே கிடந்துச்சு. இந்த வருஷமும் ரெண்டு பேரும்தான் மேசை. நீயே வந்து பாரேன், உனக்கு ஓட்டு இல்லேன்னாலும் காப்பி உண்டு.

அதுக்குத்தான் சொல்லுதேன் தாயி, புருஷன் பொண்டாட்டிக்குள்ள இதெல்லாம் ஒளிவு மறைவு இருக்கக் கூடாது. எங்களையே எடுத்துக்கோ. எங்க வீட்ல அந்தப் பிரச்சினையே கிடையாது. நான் எந்தப் பக்கமோ இவுக அந்தப் பக்கம். இருபது வருஷத்துல ஒரு தடவைகூட நான் கேட்டதில்ல. கேக்க வேண்டிய அவசியமே வரல பாத்துக்கோ.

என்ன, ஏன் அப்படிப் பாக்க?

சிரிக்காத. சொல்லு, என்னத்துக்குச் சிரிக்க?

சே, இவுகளா? இவுக அதெல்லாம் செய்ய மாட்டாக. இவுகளுக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காதுன்னு எனக்குத் தெரியாதா.

ஒரு போன் போட்டுக் கேட்டுருவமா? நீ போடேன், நான் வண்டி ஓட்டுதேன்ல. ஸ்பீக்கர்ல போடு, சும்மா கேப்போம், விளையாட்டுக்கு.

வேண்டாம், வை. இந்நேரம் தூங்குவாக.

இந்தா, கடை வந்திருச்சு. எறங்கு, எறங்கு. மொதல்ல போயி கறிவேப்பிலைய எடு, தீந்திரும்.